விதை முற்றும் என்றார்கள்

இரண்டு குழந்தைகளும் பெண்ணாகப் பிறந்ததைக் கஜபதியைவிட அவன் அக்கா கோவிந்தம்மாளால்தான் தாங்க முடியவில்லை. 2003இல் ஆடிக் கிருத்திகை முடிந்த கையோடு, யாரோ வைத்தியர் சொன்னதாக வந்து சொன்னாள்: மாதக்கணக்கில் பெண்ணைத் தொடாமல் இருந்தால் விதை முற்றுமாம், முற்றிய விதை ஆணாகத்தான் முளைக்குமாம்.

திருத்தணி மலைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த கஜபதி அன்றே முன்னறையில் படுக்க ஆரம்பித்தான். மனைவி பங்காருவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா நாள் பார்த்துச் சொன்னால் உள்ளே வருவான். பிறகு மறுபடியும் விலகிவிடுவான். ஒரு வருஷத்துக்கு மேல் போயும் கரு உண்டாகவில்லை. பங்காருவுக்கு வயிறு வறண்டுவிட்டது என்று கோவிந்தம்மாள் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

பங்காருதான் அவனை அரக்கோணத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இருவரையும் பரிசோதித்த டாக்டரம்மா, அவளிடம் ஒரு குறையும் இல்லை என்றார். மாதக்கணக்கில் தேக்கிவைத்தால் விந்தின் அளவு கூடலாம், ஆனால் உயிரணுக்கள் பழசாகி நீந்தும் வலுவை இழக்கும், அவனுக்கு அதுதான் ஆகியிருக்கிறது. விலகியிருந்தால் ஆண் பிறக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆணா பெண்ணா என்பது ஆணின் அணுவைப் பொறுத்தது. கஜபதி தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டில் அக்கா காத்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"அவளுக்குத்தான் ஏதோ வீக்காம்," என்றான்.

பங்காரு கோவிந்தம்மாளுக்கு நேரே வந்து நின்றாள்.

"அண்ணி, உங்க தம்பி பொய் சொல்றாரு. எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க சொன்ன விரதத்தாலதான் அவரோடது கெட்டுப்போச்சு. ரெண்டும் பொண்ணா ஆனதும் அவராலதான். என்னைப் பத்தி எங்கெங்க பேசிகினு இருந்தீங்களோ, அங்கெல்லாம் போயி இதையும் சொல்லுங்க."

ஆம்பளையை இப்படியா பேசுவாள் என்று முனகிக்கொண்டே கோவிந்தம்மாள் எழுந்து போனாள்.

அன்று ராத்திரி கஜபதி, டாக்டரம்மாதான் விலகியிருக்க வேண்டாம் என்றாரே என்று சொல்லிக்கொண்டு உள்ளே வரப் பார்த்தான். பங்காரு கதவிலேயே நின்றாள்.

"போறப்போ என்னைக் கேக்கல. வர்றப்பவும் கேக்கல. நான் என்ன நிலமா, நாள் பாத்து விதைக்கிறதுக்கு?"

மறுவாரம் அரசு ஆஸ்பத்திரியில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளப் புறப்பட்டாள். அவன் வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வேண்டாம் என்று பஸ் ஏறினாள். தையல் ஆறிய பிறகும் அவள் கோபம் ஆறவில்லை.