பதின்மூன்றாம் வயதுக் கோடு

...அதுவும் திரைச்சீலை ஓரத்தில் முக்கோணமாக ஒரு ஓட்டை, அளவெடுத்து வெட்டியது போல, மூன்று வாரமாக "நான் இல்லவே இல்லம்மா" என்று சாதித்த மகள், இன்று காலை காலுறையை மாட்டிக்கொண்டே "நான்தாம்மா கத்திரி வச்சேன்" என்றாளே, கோபம் வர வேண்டாமா, வரவில்லை, வயிறு குளிர்ந்துபோனது, என்ன தாய் இவள்... மகளுக்கு எட்டு வயது. அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் இவள் அடுக்களையில் பாத்திரம் கழுவியபடி துறைத்தலைவரிடம் போனில் "பஸ்லதான் சார் வந்துட்டிருக்கேன்" என்று கூசாமல் புளுகினாள், வாண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, இவளும் சிரித்தாள், அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் திரைச்சீலை விவகாரம் வெளியே வந்துவிட்டது.

சரி, வேலையைப் பார். கணினியில் அந்த வரைபடக் கோடு. அறுநூறு பிள்ளைகள், பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை வருஷத்துக்கு ஒரு பேட்டி, எதையாவது திருடினாயா, யாரையாவது அடித்தாயா, வகுப்புக்குப் போகாமல் சுற்றினாயா... பன்னிரண்டு வரை தரையோடு தரையாகக் கிடக்கும் கோடு பதின்மூன்றில் விருட்டென்று எழுகிறது. 'பிள்ளைகள் தடம் மாறும் வயது' என்று தலைவர் தலைப்பே வைத்துவிட்டார், நாலு மணிக்கு அறிக்கை போக வேண்டும், இதை அலசியதே இரண்டு வருஷ உழைப்பு, முதல் தடவையாக இவள் பெயர் முதலில். அனுப்பித் தொலையேன், கை ஏன் பழைய தாள் கட்டுக்குப் போகிறது? தாளின் அடியில் யாரும் கணினியில் ஏற்றாத ஒரு கட்டம், பேட்டி எடுத்தவர் கையெழுத்து. பன்னிரண்டு வரை கழுத்தில் விசில் மாட்டிய பள்ளிக் கண்காணிப்பாளர். பதின்மூன்றிலிருந்து வேறொரு அம்மாள், கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்பவராம். அப்படியானால்... இரண்டு பள்ளிகளில் மட்டும் கண்காணிப்பாளர்களே தொடர்ந்திருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளைத் தனியே பிரித்துக் கோடு போட்டாள், பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, எழவே இல்லை. மற்ற பிள்ளைகளும் கெட்டுப்போகவில்லை, வாயைத் திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டு கோடுகளையும் கொண்டுபோய்க் காட்டியதும் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷத்தைக் கடைசி நேரத்துல கவுத்துட்டியேம்மா."

"ஆமா சார். காலையில பஸ்ல இருக்கேன்னு சொன்னதும் பொய் சார்."

"தெரியும். பஸ்ஸுக்குள்ள எங்க பாத்திரம் கழுவுறாங்க? உக்காரு, முதல்லேருந்து பார்ப்போம்."

அறிக்கை இன்று போகாது, இவள் பெயரும் போகாது, போகட்டுமே, நெஞ்சு ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது... இடத்துக்குத் திரும்பி ஒரு துண்டுத் தாளில் மகள் ஒப்புக்கொண்ட தப்புகளுக்கு ஒரு கோடு போட்டாள், மூன்று வயதிலிருந்து ஏழு வரை சுழியம், சுழியம், சுழியம், எட்டில் ஒன்று, அழகான ஒன்று. அந்தச் சுழியங்களை வைத்துக்கொண்டுதானே 'என் பொண்ணு தப்பே பண்ண மாட்டா' என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாள்? தாளின் அடியில், பழக்கதோஷம், ஒரு சின்னக் கட்டம் வரைந்தாள், கேட்டவர் கையெழுத்து. ஐந்து வருஷமாகக் கேட்டது யார், கழுத்தில் விசில் மாட்டிய இவளா... பென்சில் அங்கேயே நின்றது.