மூன்று முறை எவேலியோ

காப்பி இயந்திரத்தை எவேலியோ முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவின் பக்கத்து வீட்டுக் கசில்தா வந்து நின்றாள்.

"அடிக்காதடா. செத்தவங்க இருக்கிற இடம்."

"எங்கம்மாவுக்குப் பழக்கம்தான் அத்தை. நான் சத்தம் போடாத நாள் உண்டா?"

ஸ்பெயினில், சலமங்கா ஊர்க்கோடியில் இருந்த இழவு மண்டபம் அது. ஐந்தாம் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் அம்மா ஒபுதூலியா கிடந்தாள். இந்தப் பக்கம் உறவுகள் சோபாவில் உட்கார்ந்து கால்வலி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் விருந்தில், இனிப்புத் தட்டுக்குப் பக்கத்திலேயே முதியோர் இல்லத்தின் வண்ண விளம்பரத்தாளை வைத்த மேதை எவேலியோ. மொழி படிக்க வரும் பிள்ளைகளை முப்பது வருடமாக வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டவள் அம்மா. "என்னை ஒரு கட்டிலுக்கு அனுப்பப் பாக்கிறியா?" என்று வாசல்வரை துரத்தினாள். அதற்குப் பிறகு நாலு மாதம் பேச்சில்லை. யார் முதலில் போன் செய்வது என்ற போட்டியில், நேற்றோடு, அவன் ஜெயித்துவிட்டான்.

ஃபெம்கே உள்ளே வந்தாள். டச்சுப் பெண், பத்தொன்பது வயது, ஸ்பானிஷ் படிக்க வந்து, அம்மா வீட்டில் தங்கிப் பன்னிரண்டு நாள். புதிதாக வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிக்காட்டுவது அம்மாவின் வழக்கம். நேற்று இரண்டு பேராலயங்களையும் பார்த்துவிட்டு, பெரிய சதுக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை. கடைசியாகப் பேசியது இந்தப் பெண்ணிடம்தான்.

"அம்மா என்ன சொன்னாங்க?" ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டான்.

"அம்மா உக்காருது. அம்மா பேசுது. நிறைய." இறந்தகாலம் அவளுக்கு இன்னும் பாடமாகவில்லை. "தினமும் மெதுவா. நேத்து வேகம். ரொம்ப வேகம்."

"நீ என்ன செஞ்ச?"

"நான் 'ஆமா, ஆமா' சொல்லுது." உதடு கோணியது. "வகுப்புல எல்லாரும் அப்படி. புரியல, ஆமா சொல்லுது."

"புள்ளைய விடுடா," என்றாள் கசில்தா. "நீ ஐம்பது வருஷமா உங்கம்மாகிட்ட அதைத்தானே சொன்ன?"

அவன் விடவில்லை. "என் பேர் வந்துச்சா?"

ஃபெம்கே மூன்று விரல்களைக் காட்டினாள். "எவேலியோ. எவேலியோ. எவேலியோ."

"கோவமாவா? சிரிச்சுக்கிட்டா?"

தப்பான விடை சொல்லிவிடக் கூடாது என்று பயந்தவள்போல யோசித்தாள்.

"வேகமா," என்றாள்.

"வேற?"

"சாவி. வியாழன். வேண்டாம்." அந்தப் பேச்சில் அவளுக்குப் புரிந்த சொற்கள் அவ்வளவுதான்.

எவேலியோ அந்த மூன்றையும் தன் பெயரோடு முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தான். மன்னித்ததாகவும் வந்தது, திட்டியதாகவும் வந்தது. முப்பது வருடத்தில் எத்தனையோ தேசத்துப் பிள்ளைகளைப் பேசவைத்தவள், பன்னிரண்டு நாள் பாடத்தை நம்பிப் போய்விட்டாள்.

மண்டபத்து ஊழியர் வந்து, கண்ணாடியின் திரையை மூடும் நேரம் என்று தணிந்த குரலில் சொன்னார். உறவுகள் கோட்டுகளைத் தேடினார்கள்.

"நான் போட்டோ," என்றாள் ஃபெம்கே. "அப்போ தெரியல. அழகா இருக்குது, எடுக்குது."

போனை நீட்டினாள். மஞ்சள் கல் வளைவுகளுக்கு முன்னால் அம்மா, ஒரு கை காற்றில், வாய் திறந்து, ஏதோ ஒரு சொல்லின் நடுவில்.

அவன் இரண்டு விரல்களால் அந்த வாயைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். உதடுகள் கலைந்து, சதுரம் சதுரமாக, வெறும் நிறங்கள் ஆயின.