டேங்க் மூடியில் ஊசித்துளை

மலைச்சாலையின் மூன்றாவது வளைவில் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. ஐந்தாவது வளைவில் இன்ஜின் இரண்டு தரம் திக்கித் திணறி நின்றேபோயிற்று. நல்லவேளை, அதற்குள் அவள் வண்டியை ஓரத்து மண்ணில் ஒதுக்கிவிட்டாள்.

"தெர்மோஸ்டாட்டு!" வண்டியின் பின்பக்கக் கட்டிலில் இருந்து கணவரின் குரல் வந்தது. "இல்ல இல்ல, பெட்ரோல் பம்ப்பு! ரெண்டும் சேர்ந்தே போயிருக்கும்."

"அண்ணா, படுத்துக்கிட்டே எப்படிண்ணா கண்டுபிடிக்கிறே?" என்றாள் முன்சீட்டில் இருந்த நாத்தனார். பள்ளி நூலகர் அவள். துணைக்கு என்று கிளம்பி வந்தவள்.

அவருக்கு முழங்கால்வரை மாவுக்கட்டு. நான்கு நாளைக்கு முன்பு இதே வண்டியின் கூரையில் ஒழுகும் இடத்தைத் தேடப் போனவர், ஏணியோடு கீழே வந்துவிட்டார். வண்டிக்கு இருபத்தெட்டு வயது. உள்ளே கட்டில், அடுப்பு, ஆள் திரும்ப முடியாத ஒரு குளியலறை. பயணத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மகளுக்குப் பிரசவம். டாக்டர் சொன்ன தேதிக்கு ஒன்பதே நாள். மகள் வீடோ ஒற்றை அறை. தங்குவதற்கும் இந்த வண்டிதான். ஆகவே சமதரையில் மட்டும் ஓட்டிப் பழகியிருந்த அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினாள். ஒன்றுமே நடக்காததுபோல இன்ஜின் கிளம்பியது. நாலு கிலோமீட்டர் போனதும் மறுபடி அதே திணறல், அதே நிற்பு.

அவர் அதற்குள் இழுவை வண்டிக்குப் போன் போட்டிருந்தார். "நாளைக்கு மத்தியானம்தான் வருவானாம். நீ எதையும் தொடாதே. தெரியாம கை வெச்சா இன்னும் மோசமாயிடும்."

அவளுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவள். அலாரம் அடித்தால் இயந்திரத்தைத் திட்டிப் பிரயோசனமில்லை, குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். பம்ப் நன்றாகவே இழுக்கும். இழுப்பதற்கு எதிரே வழி இருக்காது. எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்!

இறங்கிப் போய் பெட்ரோல் டேங்க்கின் மூடியைத் திருகினாள். 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாகக் காற்று உள்ளே பாய்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவன் வாயைத் திறந்ததுபோல இருந்தது. உடனே ஓடிவந்து சாவியைத் திருப்பினாள். ஒரு நிமிஷம்கூட ஆறவிடவில்லை, இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அவள் அதை அணைத்துவிட்டு மூடியோடு உள்ளே போனாள்.

"பம்ப்புல கோளாறு இல்லைங்க. டேங்க்குக்குள்ள காத்து போக வழியில்ல. பெட்ரோல் குறையக் குறைய உள்ள வெற்றிடமாகுது, பம்ப்பால இழுக்க முடியல. நின்னு கிடந்தா எங்கேயோ கசிஞ்சு கொஞ்சம் காத்து ஏறிக்குது, திரும்பக் கிளம்புது." மூடியைத் திருப்பிக் காட்டினாள். நடுவில் இருக்க வேண்டிய துளையின்மேல் சாம்பல் நிறப் பசை கெட்டியாக அப்பியிருந்தது.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "பெட்ரோல் நாத்தம் குடலைப் புரட்டுதுன்னு ஆறு மாசமா நீதானே சொன்னே? அதான் பசை வெச்சு அடைச்சேன்."

"ஆமா, சொன்னேன். பாதிப் பழி என் தலையில."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "காலையும் உடைச்சுக்கிட்டேன், வண்டியையும் கெடுத்துட்டேன். இப்ப மூட்டை மாதிரி கிடக்கேன்."

கலியாணமாகி முப்பது வருஷத்தில் அவர் வாயில் இப்படி ஒரு பேச்சு வந்து அவள் கேட்டதில்லை. சமாதானம் சொன்னால் இன்னும் உடைந்துபோவார் என்று தோன்றியது. நாத்தனாரின் தையல் டப்பாவிலிருந்து ஒரு தடித்த ஊசியை எடுத்து, மூடியோடு அவர் மடியில் வைத்தாள்.

"கை நல்லாத்தானே இருக்கு? துளையைச் சுத்தமாத் தோண்டி எடுங்க. எனக்கு முன்னால வேலை கிடக்கு."

சூடு இன்னும் தீராத பிரச்சினைதான். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து முன்பக்கக் கம்பித் தட்டியைக் கழற்றினாள். ரேடியேட்டர் முகம் முழுக்கப் புழுதியும் செத்த பூச்சியும் புல்விதையும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. காற்று நுழைய இடமே இல்லை.

"எனக்கு ஒரு மெல்லிசான பிரஷ் வேணும்" என்று குளியலறையில் இருந்த ஒன்றை எடுத்தாள்.

"அண்ணி, அது நான் பல் தேய்க்கிறது!"

"புதுசு வாங்கித் தரேன்."

குளியலறைக் குழாயை ஜன்னல் வழியாக முன்னால் இழுத்து, தகடுகள் மடங்காமல் உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சினாள். சேறு கட்டி கட்டியாக விழுந்தது. குளிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதும் காலி. நாத்தனார் கால்சட்டை நனைய நின்று பிரஷ்ஷால் மூலைகளைத் தேய்த்தாள். ஆறிப்போன ரேடியேட்டரின் மூடியைத் திறந்து, குறைந்திருந்த தண்ணீரையும் குடிதண்ணீர் கேனிலிருந்து நிரப்பினார்கள்.

"ஆச்சு!" என்று உள்ளிருந்து சத்தம். துளையை விளக்குக்கு நேரே பிடித்து, வாயால் ஊதியும் பார்த்திருந்தார் அவர்.

இரண்டாவது கியரில் ஏறினார்கள். இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இறக்க ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டிருந்ததால் உள்ளே அடுப்பங்கரை தோற்றது. நாத்தனார் புத்தகத்தால் விசிறிக்கொண்டே, "முள் நடுவுல நிக்குது, அண்ணா" என்று வளைவுக்கு வளைவு பின்னால் அறிவித்தாள். உச்சிக்கு வந்ததும் அவரே இழுவை வண்டிக்காரனைக் கூப்பிட்டார்.

"வேண்டாம்ப்பா, சரியாயிடுச்சு. யாரு பாத்தாங்கன்னா கேக்கறே? என் சம்சாரம்தான்." போனை வைக்கும் முன், "கோளாறு பண்ணினது நான்" என்றும் சேர்த்துக்கொண்டார். அவள் கண்ணாடியில் அவரைப் பார்க்காமல் சாலையைப் பார்த்து ஓட்டினாள்.

மறுநாள் காலை மகள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிறுத்தினார்கள். அதற்கு மூன்றாம் நாள் விடியும்போது வலி கண்டது. மருமகனின் கார் வேறொரு காரின் பின்னால் எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டிருக்க, மகளை வண்டியிலேயே ஏற்றிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவர் கட்டுப்போட்ட காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து மகள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தான். "ஏம்மா, வீட்டையே கொண்டாந்துட்டீங்களா? இது கேட்டுக்குள்ள வராது."

"ஸ்ட்ரெச்சரை இங்க அனுப்புப்பா" என்றாள் அவள், இன்ஜினை அணைத்தபடி.

ஒன்பதரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை மூன்று கிலோ.