அவிழாத பொட்டலம்

அழகம்மா எதையும் முடிந்து வைப்பவள். கத்தரி விதையானாலும் பேருந்துச் சீட்டானாலும் அவளுடைய சேலைத் தலைப்பில் இருக்கும். ஆனால், ஓமந்தைக்கு அப்பாலிருந்த அந்தக் குடியேற்றக் குடிசையின் முற்றத்தில், கணவன் பழனியாண்டியின் பாயையும் உடுப்புகளையும் அன்று கொழுந்தன் ராசுவே சுருட்டிக் கட்டினான். இறந்தவருடைய பாயைச் சிதையோடு எரிப்பது அவர்கள் மலைநாட்டிலிருந்து கொண்டுவந்த வழக்கம். சட்டைப் பையிலிருந்த பொட்டலமும் அதனுள்ளே போயிற்று. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

காட்டில் மரந்தறித்த குற்றத்துக்காக இரண்டு மாதம் சிறையிலிருந்த பழனியாண்டி, மூன்று நாட்களுக்கு முன்னர்தான் வீடு திரும்பியிருந்தான். மூச்சிழுப்பு அவனை விடவில்லை. மருந்துச்சாலையில் வாங்கிய மருந்தும் கேட்கவில்லை. விடியும்போது மூச்சு நின்றுவிட்டது.

மேளம் தொடங்கிய வேளையில் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கக்கத்தில் ஒரு கடதாசிக் கோவை. பந்தலைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்.

“அம்மா, நான் செல்வநாயகம். குறைகேள் அதிகாரியின்ர கந்தோரிலயிருந்து வாறன். பழனியாண்டியைச் சந்திக்கலாமெண்டு வந்தனான். இப்பிடியெண்டு தெரியாமப் போச்சுது.”

அவளுக்கு அவர் யாரென்று தெரிந்திருந்தது; மாத்திரையைத் தரவில்லையென்ற முறைப்பாட்டைச் சிறைக்கே வந்து கேட்டவர். “காவக்காரங்களை மரத்தடிக்குப் போகச் சொல்லிட்டு, என்னைய கதிரையில உக்காரச் சொன்னாரு புள்ள,” என்று மூன்று நாளும் பழனியாண்டி அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

“நீங்கள் குடுத்த மாத்திரை வாசலுக்கே வரயில்லையெண்டு சிறையிலயிருந்து எழுதியிருக்கினம்,” என்றார் செல்வநாயகம். “முறைப்பாடு சொன்னவர் இல்லையெண்டால் கோவையை மூடிப்போடுவினம். வீட்டார் ஆரும் ஒப்பமோ கைநாட்டோ வைச்சால் மேல நடத்தலாம். இப்ப கேக்கிறது சரியில்லை. நான் பிறகு வாறன்.”

ராசு குறுக்கிட்டான். “ஜெயிலரைத் தண்டிப்பீங்களா?”

“அந்த அதிகாரம் எங்களுக்கு இல்லை, தம்பி. விசாரிச்சு, திருத்தச் சொல்லி எழுதலாம்.”

“எழுதுவாராம்! அண்ணன் கதிரையில உக்காந்ததுதான் மிச்சம். அண்ணி, அடுத்த மாசம் எனக்கும் அதே கேசு. நீங்க ஒப்பம் வச்சு நான் உள்ள போனா ஜெயில்காரங்க சும்மா விடுவாங்களா?”

கோபத்தில் அவனுக்கு மூச்சிரைத்தது. நெஞ்சினுள்ளே மெல்லிய சீழ்க்கை கேட்டது. பழனியாண்டிக்கும் அப்படித்தான் தொடங்கும்.

அழகம்மா எழுந்து சென்று பாயின் கட்டை அவிழ்த்தாள். “கட்டின பாயை அவுக்காதே, ஆத்தா!” என்று யாரோ கூவினார்கள். சட்டைப் பையிலிருந்து பழுப்புக் கடதாசிப் பொட்டலத்தை எடுத்தாள். அதன்மேல் சிறை வாசலின் முத்திரை இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முந்திய தேதியும் இருந்தது. அவள் மாத்திரையை முடிந்து வாசலில் கொடுத்ததை, விடுதலையன்று சட்டையோடு அப்படியே அவனிடம் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். மூச்சுத் திணறிய இராத்திரியிலும் அவன் அதைப் பிரிக்க விடவில்லை. ‘அந்த ஐயா வந்து பாக்கட்டும், புள்ள’ என்றான்.

“நான் போட்ட முடிச்சுங்க,” என்றாள். “யாருமே அவுக்கல.”

செல்வநாயகம் தேதியை வாசித்தார். கோவையைத் திறந்தார்.

“அண்ணி, வேணாம்.”

“நீயும் இழுப்புக்காரன்தானே, ராசு.” அவள் பெருவிரலைச் சேலையில் துடைத்துக் கோவையின் பக்கம் நீட்டினாள். “பாயைக் கொண்டுபோய் எரி. இதை நான் ஐயாகிட்ட குடுக்கிறேன்.”