எறியாத பந்து

சலவைக்கூட அணியின் கேட்ச்சர் பிடித்த பந்து, அவள் எறிவதற்கு முன்பே இரண்டாம் பேஸுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. பேஸ்பால் சங்கம் அவளை நீக்கப் பார்த்ததற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. நாற்பத்தாறு வயதுக்காரி, சலவைக்கூடத்தில் துணி தேய்ப்பவள் என்பதால் எல்லோருக்கும் இஸ்திரியக்கா.

இது ஒரே நாளில் வந்த வித்தை அல்ல. முதல் பருவத்தில் பயிற்சியாளர், "பந்தைப் பிடிச்சதும் நேரா எழுந்து நில்லு, அப்புறம் எறி" என்றார். அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருக்கிறவள் எழுவதற்குள், முதல் பேஸிலிருந்து அடி விழாமலே இரண்டாவதைத் திருட ஓடுகிறவன் நாலு எட்டு வைத்துவிடுவான். அவனுக்கு முன்னால் பந்து அங்கே போனால்தான் அவுட். வீண் அசைவு அவளுக்கு ஆகவே ஆகாது. எழுவதை விட்டாள். அடுத்த வருஷம் கையுறைக்குள் பந்தைத் துழாவுவதை விட்டு, கையுறையையே வலது காதோரம் கொண்டுவந்து எடுத்தாள். பிறகு பந்து வரும்போதே காலைத் திருப்பி வைத்துக்கொண்டாள். கையைப் பின்னுக்கு வீசி இழுப்பதை நிறுத்தினாள். இப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் ஏழாம் வருஷம் மிச்சமிருந்தது எறிவது மட்டும்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அதையும் விட்டாள். பந்து கையுறையில் பட்ட சத்தம் அடங்கவில்லை, இரண்டாம் பேஸில் நின்ற அவள் தங்கை உள்ளங்கை எரிகிறது என்று கையை உதறினாள்.

சங்கச் செயலாளர் நியாயம் பேச வந்தார். "பந்து பறக்கணும்மா. பறக்காத பந்துக்கு எப்படி அவுட் குடுக்கறது? கொஞ்சம் மெதுவா எறிஞ்சா என்ன கொறஞ்சுபோகுது?"

"ஏழு வருஷமா முட்டி தேஞ்சிருக்குங்க. ஓடுறவங்களை மெதுவா ஓடச் சொல்லுங்க, நானும் மெதுவா எறியறேன்."

வேலையில் யார் யாரோ அவளை ஏவினார்கள். அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருக்கும்போது மட்டும் மைதானமே, எந்தப் பந்து வீசுவது என்று அவள் விரல் காட்டுவதைப் பார்த்துக் காத்திருந்தது. அந்த இடத்தை விடுவதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது அவளுக்கு.

இறுதி ஆட்டத்தின் நடுவில் செயலாளர் நீக்கல் கடிதத்தோடு வந்து நின்றார். ஆட்டக்காரர் கையில் சேர்ந்தால்தான் அது செல்லும், சங்க விதி அப்படி. அவள் வலது கையை, கேட்ச்சர்கள் வழக்கப்படி, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கையுறையை மட்டும் நீட்டினாள். கடிதம் அதில் விழுந்தது. தங்கை இரண்டாம் பேஸிலிருந்து படித்துச் சொன்னாள்.

"அக்கா, உன்னை நீக்கிட்டாங்களாம்."

"என் கைக்கு ஒண்ணும் வரலையே."

செயலாளர் வேர்க்க விறுவிறுக்க இரண்டாம் பேஸுக்கு நடந்து, கடிதத்தை வாங்கி வந்து மறுபடி வைத்தார். நாலு தடவை நடந்தார். விதியை மீறுகிற மனிதர் அல்ல அவர். "சேரவில்லை" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, நிழல் பார்த்து உட்கார்ந்து, மிச்ச ஆட்டத்தைப் பார்த்தார்.

அடுத்த பருவத்திலிருந்து நடுவர்கள் பந்து எப்படி வந்தது என்று விசாரிப்பதில்லை. தங்கையின் கையில் இருந்தால் அவுட். கடிதம் இன்னும் வழியில் இருப்பதாகத்தான் பதிவேடு சொல்கிறது. அதற்குள் இஸ்திரியக்கா பதினொரு பருவம் ஆடி முடித்துவிட்டாள்.