எல்லைச் சாலைக்கு வடக்கே ஒரு வீட்டு வண்டி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். டியூலேக் ஊரில் எத்தனை தேவாலயம் உண்டோ அத்தனையிலும் பைபிள் மேல் கை வைத்துச் சொல்லத் தயார். அதில் ஒன்றில் என்னை உள்ளே விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம். அதற்கும் பொய்க்கும் சம்பந்தமில்லை, பாதிரியாரின் நாய்க்கும் எனக்கும் ஆகாது, அவ்வளவுதான்.

வெங்காய அறுவடை நடந்துகொண்டிருந்த செப்டம்பர் மாதத்து மதியம். ஊரே காரணமில்லாமல் அழுதுகொண்டிருக்கும் காலம் அது. ஆர்லீன் ஸ்வோபோடா சமையலறை ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் படுத்தபடி, மூக்கில் பிராணவாயுக் குழாயோடு, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கிலிருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வீட்டு வண்டி வந்தது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் வயிற்றில் வைத்துக்கொண்டு ஓடுகிற நீள வண்டி. வெள்ளையில் பழுப்புப் பட்டை. ஓட்டுநர் இருக்கையில் அவள் புருஷன் மில்டன், தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, ராஜா மாதிரி. ஆர்லீன் கையை ஊன்றி எழுந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். வண்டி வீட்டு வாசலுக்கு நேரே வந்தது, வேகம் குறைந்தது, விளக்கை மினுக்கியது. பிறகு வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் மில்டனின் சிநேகிதன் டெல்பர்ட்டின் வயலுக்குள் திரும்பி, அறுத்த புல்தரையில் போய் நின்றது.

அந்தச் சாலையின் பெயரே எல்லைச் சாலை. தெற்கு ஓரம் கலிஃபோர்னியா, வடக்கு ஓரம் ஆரிகன். ஸ்வோபோடா வீடு தெற்கே. டெல்பர்ட்டின் வயல் வடக்கே. ஆரிகனில் விற்பனை வரி கிடையாது. அதனால் டியூலேக்காரன் எவனும் காலணியாகட்டும், காப்பிக் கொதிகலனாகட்டும், கல்யாண மோதிரமாகட்டும், தன் மாநிலத்தில் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. எல்லாம் வடக்கே கிளமத் ஃபால்ஸ் போய் வாங்கி வருவதுதான். ஆனால் மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம், வண்டி அப்படியில்லை. வெளியில் வாங்கிய வண்டியை உள்ளே கொண்டுவந்து பதியப் போனால், விட்ட வரியைக் கலிஃபோர்னியா அங்கேயே கேட்டு வாங்கிவிடும். தப்பிக்க ஒரே வழி, வாங்கிய நாளிலிருந்து ஒரு வருஷம் வண்டியை எல்லைக்கு வெளியிலேயே வைத்துப் புழங்குவது.

மில்டன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து இதையெல்லாம் விளக்கினான். ஆரிகனில் ரோஸ்பர்க் ஊரில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட பஸ் டிரைவர் ஒருவரிடம் வாங்கியதாம். மனுஷன் மெத்தையைக்கூட வாரத்துக்கு ஒரு தடவை வெயிலில் காட்டியிருக்கிறார். இயந்திரம் பூனைக்குட்டி மாதிரி உறுமுகிறது.

"ஒரே ஒரு வருஷம்தான் ஆர்லீன். அடுத்த செப்டம்பர்ல கிளம்பிடலாம்."

"அடுத்த செப்டம்பர்," என்றாள் ஆர்லீன்.

"கவர்மெண்டு கால்வாய் மதக மூடின வருஷம் நம்ம கெழங்கு மண்ணோட வெந்துச்சே, எவனாவது வந்து ஏன்னு கேட்டானா? அவனுக்கு நான் ஏன் அழணும்?"

இந்தக் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் பார்க்கலாம் என்று கிளமத் ஃபால்ஸ் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிப் பத்து நாள்கூட ஆகவில்லை. டாக்டர் அதைச் சொல்லும்போது மில்டன் சுவரில் மாட்டியிருந்த மீன் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். காது கேட்காதது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

வண்டி வேண்டும் என்று கேட்டதே அவள்தான். ஐம்பது வருஷக் குடித்தனத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவளுடைய நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்தது. முதுகெலும்பும் சொன்னபடி கேட்பதில்லை. காரில் அரைமணி நேரம் உட்கார முடியாது. படுத்துக்கொண்டே போகிற வண்டி இருந்தால் கிரசண்ட் சிட்டித் துறைமுகத்துக்குப் போகலாம். அங்கே ஒரு ராத்திரி தங்க வேண்டும், விடியும்போது கடலைக் கேட்க வேண்டும். கலிஃபோர்னியாவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது அந்த ஊர். அவர்களுடைய ஒரே மகன் ராய்ஸ், கிழங்கும் வேண்டாம் வெங்காயமும் வேண்டாம் என்று போய் நண்டுப் படகில் சேர்ந்தது அங்கேதான். ஒரு டிசம்பரில் துறைமுக வாயிலேயே படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. இறப்புக் காகிதங்களில் கையெழுத்துப் போட மில்டனின் தம்பிதான் போய் வந்தான். கிழங்குக் கிடங்கில் வேலை கிடக்கிறது என்றான் மில்டன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வருஷமும் கிடங்கில் வேலை கிடந்தது.

ஊரில் மில்டனின் மதிப்பு ஏறிவிட்டது. அரசாங்கத்தை ஒரு வருஷம் காக்கவைக்கிறவன் என்று காப்பிக் கடையில் அவனுக்கு மூலை இருக்கையை விட்டுக்கொடுத்தார்கள். அவனும் அதற்கேற்ற மாதிரி நடந்துகொண்டான். வண்டித் தொட்டியில் கலிஃபோர்னியாத் தண்ணீர் ஒரு சொட்டு விழக்கூடாது என்று டெல்பர்ட்டின் கிணற்றிலிருந்து குழாய் இழுத்தான். மின்சாரமும் டெல்பர்ட்டின் கொட்டகையிலிருந்துதான். வண்டிக்குள் ஏறுமுன் காலணியைப் புல்லில் தேய்த்துத் தன் மாநிலத்து மண்ணை உதிர்த்துவிட்டு ஏறினான்.

அங்கே அடிக்கிற காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆர்லீன் கொடியில் போட்ட சட்டையை நெவாடாவில் ஒருவன் போட்டுக்கொண்டு திரிந்தான், அளவுகூடச் சரியாக இருந்ததாம். நவம்பர் காற்று அந்த வண்டியை இரவோடிரவாகத் தெற்கே தள்ளிக்கொண்டே வந்தது. விடிந்ததும் மில்டன் நீளக் கால்சட்டை உள்ளாடையோடு ஓடிப்போய், முதுகைக் கொடுத்து அதை மறுபடி வடக்கே நகர்த்துவான். ஒருநாள் முன்சக்கரம் தார்ச்சாலையைத் தொட்டுவிட்டது. அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த பயத்தை ஆர்லீன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வரிக்குப் பயப்படுகிறவன் முகம் அப்படி இருக்காதே என்று அவளுக்கு அப்போதே தோன்றியது. தோன்றியதை ஒதுக்கி வைத்தாள்.

டெல்பர்ட் ஹார்னிஷ் மனைவியை இழந்தவன், குதிரைமுள்ளங்கி பயிரிடுகிறவன், மில்டனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் சாப்பாட்டுக்கு வந்தான். அன்றைக்கு ஆர்லீனுக்கு மூச்சு கொஞ்சம் சொன்னபடி கேட்டது. மேஜைக்கே வந்து உட்கார்ந்திருந்தாள். டெல்பர்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடியே, ஒன்றுமில்லாத விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னான்.

"ஏன்டா மில்ட், கடலோரத்துல அந்த புரூக்கிங்ஸ் ஆரிகன்ல தானே இருக்கு?"

மில்டன் தலையாட்டினான்.

"கூஸ் பே வழியா சுத்திக்கிட்டுப் போனா ஆரிகன் மண்ண விட்டு எறங்கவே வேணாம். வண்டிய புரூக்கிங்ஸ்ல போட்டுட்டு, அங்கேருந்து ஒரு வாடகக் கார் புடி. பின்சீட்ல ஆர்லீன் படுத்துக்கட்டும். அரமணிதான், கிரசண்ட் சிட்டி. வரியும் கெடயாது, ஒரு மண்ணும் கெடயாது. ஒனக்கு இது தோணலியா? ஊரெல்லாம் ஒன்னப் பெரிய மூளக்காரன்னு சொல்லுது."

சொல்லிவிட்டு, தன் யோசனையைத் தானே மெச்சிச் சிரித்தான். மேஜையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. மில்டன் உருளைக்கிழங்கைக் கத்தியால் சின்னதாக வெட்டினான், அதை இன்னும் சின்னதாக வெட்டினான். அங்கே காற்று அதிகமாக இருக்கும் என்றான். சட்டை நெவாடாவுக்குப் போகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னான். டெல்பர்ட்டுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, மாடு கத்துகிறது என்று எழுந்து போனான். அவனிடம் மாடு கிடையாது.

ஆர்லீன் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். எழுந்து கொண்டுபோய் வைக்க முடியாது, ஆனாலும் அடுக்கினாள்.

"வரி இல்ல மில்ட்," என்றாள். "ஒனக்குக் கடலப் பாக்கப் பயம்."

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும், கோபப்பட்டிருக்கலாம். கோபப்படுவதற்கும் மூச்சு வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக அவன் தன்னைக் கூட்டிப்போகவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவன் தன்னையே கூட்டிப்போக முடியாமல் இந்தச் சமையலறைக்கும் கிடங்குக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான் என்பது, வெட்டிய கிழங்கைச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குனிந்த தலையைக் கண்டபோதுதான் விளங்கியது. இந்த மனுஷனை இழுத்துக்கொண்டு போகத் தனக்குத் தெம்பில்லை. விட்டுவிட்டுப் போக வண்டி ஓட்டத் தெரியாது.

மறுநாள் டெல்பர்ட்டைக் கூப்பிட்டனுப்பினாள். இரண்டு போர்வை, மாத்திரைகள், பிராணவாயு இயந்திரம், ராய்ஸின் பழைய கம்பளித் தொப்பி. டெல்பர்ட் அவளைக் கைகளில் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தான். கோழி இறகு மாதிரி இருந்தாள் என்று பிறகு சொன்னான். பாதிச் சாலையில் அவனை நிற்கச் சொல்லித் திரும்பி, வாசலில் நின்ற மில்டனைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

"நான் கெளம்பிட்டேன்," என்றாள். "முடிஞ்சப்ப நீயும் வந்து சேரு."

அதிலிருந்து அவள் அந்த வண்டியில்தான் இருந்தாள். புருஷன் கலிஃபோர்னியாவில், பெண்டாட்டி ஆரிகனில், நடுவில் ஒரு சாலை. யாராவது பார்க்க வந்தால், வாங்க, வழியில் நிறுத்தியிருக்கிறோம் என்பாள். மில்டன் காலையும் மாலையும் சூப்பை மூடி போட்டுச் சுமந்துகொண்டு எல்லையைக் கடந்தான். முதல் நாட்களில் வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினான். பிறகு ஊட்டிவிட்டான். காப்பிக் கடைக்குப் போவதை நிறுத்தினான். கிறிஸ்துமஸ் அன்று பனி கொட்டியது; அன்றைக்குத் திரும்பவில்லை. அதன்பின் எதிர்வீட்டில் விளக்கு எரிவதே அபூர்வமாயிற்று. துறைமுகம் பற்றி அவள் மறுபடி பேசவில்லை. ஜனவரி கடைசியில் டாக்டர் வண்டிக்கே வந்து பார்த்துவிட்டு, கடலுக்குப் போகிற மலைப்பாதையெல்லாம் இனி நினைக்கவே வேண்டாம் என்றார். இந்தத் தடவை மில்டன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் போன பிறகு வெளியே போய்ச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து எறிந்தான். இப்போதே போய்விடலாம், உடனே போய்விடலாம் என்று சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சாவியைப் பிடித்தபடியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

மார்ச்சில் வெள்ளை வாத்துகள் வந்தன. தெற்கிலிருந்து வடதுருவத்துக்குப் போகிற வழியில் ஊரை ஒட்டிய ஏரியில் இறங்குகிறவை. எத்தனை என்று கேட்டால் நான் சொல்லும் கணக்கை நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன். விடிகிற நேரத்தில் அத்தனையும் ஒரேயடியாகத் தண்ணீரை விட்டு எழும்பும்.

ஒருநாள் விடிகாலை ஆர்லீன் கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள். குளிர் உள்ளே வந்தது. மில்டன் படியில் உட்கார்ந்திருந்தான், அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில். ஏரிப்பக்கம் முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு அது புரண்டது. ஏறியது.

"கண்ண மூடிக்க மில்ட்."

அவன் மூடிக்கொண்டான்.

தூரத்தில் ஓர் அலை எழுந்து, உடையாமல், இன்னும் இன்னும் என்று உருண்டு வந்தது. வண்டியின் தகரம் அதிர்ந்தது. அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்டன. மில்டனின் இரண்டு கைகளும் படியின் விளிம்பைப் பிடித்திருந்தன, படகின் விளிம்பைப் பிடிப்பதுபோல.

"அவன் பயந்திருப்பானா?" என்று கேட்டான்.

ஆர்லீன் கையை நீட்டி அவன் தொப்பியை எடுத்துவிட்டு, நரைத்த தலையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். தலைக்கு மேலே வானம் முழுக்க வெள்ளையாகக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அதன் நிழல் புல்லின்மேல் ஏறி, வண்டியின்மேல் ஏறி, எல்லைச் சாலையைத் தாண்டி, விளக்கில்லாத வீட்டின் கூரைமேல் ஊர்ந்து சென்றது. கை அங்கேயே இருந்தது. அவன் கண்ணைத் திறக்கவில்லை.

அந்த வண்டிக்குக் கலிஃபோர்னியாவில் கட்ட வேண்டிய வரி முழுவதையும், வாங்கிய மறுவாரமே வைரீக்கா நகரத்து வாகன அலுவலகத்துக்குத் தனியாகப் போய் மில்டன் கட்டிவிட்டிருந்தான்.