வெள்ளை வெளேரென்று ஒரு பலகை

ஆலங்குடியில் கடல் கிடையாது. முந்திரிக் காடும் தென்னந்தோப்பும்தான். அங்கே உட்கார்ந்துகொண்டு, அலை மேல் நின்று சறுக்குகிற சர்ஃபிங் பலகை செய்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? பிரகதீஸ்வரி அதைக் கண்டுகொள்ளவில்லை. பாத்ரூம் கதவு செய்யும் ஃபைபர் பட்டறை அவளுடையது. ஷார்ஜாவில் படகுக் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் புருஷன் முத்துராஜ், லீவில் வந்தபோது போட்டுக்கொடுத்த ஷெட். தொழிலையும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். ஆனால் கதவை நம்பி ஊர் திரும்ப முடியாது என்பான். "பலகை ஆர்டர் நெலச்சிருச்சுன்னா விசாவைப் புதுப்பிக்காம வந்துர்றேன்" என்று போனில் சொல்லியிருந்தான். அவளுக்கு அந்த ஒரு பேச்சு போதும். புருஷனை போனில் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது.

ஆர்டர் கொடுக்க வந்தவள் ஷர்லி. கடற்கரையில் சர்ஃபிங் பள்ளி நடத்துகிறாள். பிரகதீஸ்வரி செய்துவைத்திருந்த மாதிரிப் பலகையின் வடிவத்தில் அவள் குறை சொல்லவில்லை, நிறத்தைத்தான் பிடித்துக்கொண்டாள். தான் கொண்டுவந்த வெளிநாட்டுப் பலகையைப் பக்கத்தில் சாய்த்துவைத்து, "இது வெள்ளை. உங்களோடது வெண்ணெய். வியாழக்கிழமை வர்றேங்க. வெள்ளையா இருந்தா சீசன் முழுக்க உங்ககிட்டதான்" என்றாள்.

பிரகதீஸ்வரிக்குக் கோபம் வந்தது. சொன்னது உண்மை என்பதால் கூடுதலாகவே வந்தது. பலகைமேல் பூசி இறுகவைக்கும் பிசினான ரெசினே இளமஞ்சள் நிறம். நிறத்துக்குச் சேர்க்கும் வெள்ளை பிக்மெண்ட் எவ்வளவு கலந்தாலும் மஞ்சள் அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. முத்துராஜுக்கு போன் போட்டாள். வேலையில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றான். அப்புறம் வரவேயில்லை.

வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்த மாமியார் ராக்காயிதான் வழி சொன்னாள். "ஏத்தா, பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில சுண்ணாம்புல நீலம் போடாமயா அடிக்கிறோம்? போட்டுப் பாரு, பளிச்சுன்னு வரும்."

அட, ஆமாம். வெள்ளை வேட்டிக்குப் போடுகிற நீலச் சொட்டு பாட்டிலை எடுத்துவந்து ரெசினில் தாராளமாக விட்டுக் கலக்கினாள். பூசிப் பார்த்தால், அடேயப்பா, கண்ணைப் பறித்தது. மாமியாரும் மருமகளும் அப்படி ஒற்றுமையாகச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

காலையில் தொட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ரெசின் இறுகவேயில்லை. ஈயும் கொசுவும் முந்திரிக்காட்டுப் புழுதியும் விருந்துக்கு வந்தவைபோல அதில் உட்கார்ந்திருந்தன. ரெசினுக்குத் தண்ணீர் ஆகாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் நீலத்தை யார் தண்ணீர் என்று நினைக்கிறார்கள்?

"நான் செவுத்துக்குத்தானே சொன்னேன்" என்று ராக்காயி நைசாகக் கழன்றுகொண்டாள்.

அத்தனையையும் பிளேடால் சுரண்டி, துடைத்து, தேய்த்தாள். தோள்பட்டை விட்டுப்போனது. ஆனாலும் நேற்றுப் பார்த்த அந்த வெள்ளை கண்ணை விட்டு நகரவில்லை. நீலம் தப்பில்லை, அதிலிருந்த தண்ணீர்தான் தப்பு. அப்படியானால் நீலக் கதவுக்குக் கலக்கும் பிக்மெண்ட்? அது ரெசினுக்கென்றே செய்தது. வெள்ளை பிக்மெண்டில் அதைக் குண்டூசி நுனியளவு தொட்டு வைத்துக் குழைத்து, ரெசினில் கலந்து பூசினாள். கொஞ்சம் கூடினால் பலகை வானம் மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருந்தது. கூடவில்லை. மறுநாள் பலகை கல்லாக இறுகி, வெள்ளை வெளேரென்று கிடந்தது.

வியாழக்கிழமை ஷர்லி இரண்டு பலகையையும் சேர்த்துவைத்துப் பார்த்தாள். "இப்ப என்னோடதுதான் வெண்ணெய்" என்றாள். சீசன் ஆர்டரையும் உறுதி செய்துவிட்டுப் போனாள்.

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் பிரகதீஸ்வரி முத்துராஜுக்குப் படம் அனுப்பிவிட்டாள். உடனே கூப்பிட்டான்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லங்க. நானேதான்."

"கெட்டிக்காரிடி நீ. எங்க ஃபோர்மேனே அசந்துட்டாரு. ஈஸ்வரி, ஒரு யோசனை. நீயே இவ்வளவு சுத்தமாப் பாத்துக்கிறப்ப நான் அங்கிட்டு வந்து என்ன பண்ணப் போறேன்? விசாவைப் புதுப்பிச்சுட்டு இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வாரேனே."

"ஆர்டர் வந்தா வாரேன்னீங்க."

"அது, ஒனக்கு ஒத்தையாச் சமாளிக்க முடியாதுன்னு நெனச்சுச் சொன்னது."

அவன் குரலில் பொய் இல்லை. பெருமைதான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "சரிங்க" என்று வைத்தாள். ஷெட்டுக்குள் போய், ரெசின் டின்களுக்குப் பின்னால் நின்று அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது ராக்காயி முறத்தை இறக்கிவைத்துவிட்டு ஆசையாகப் பார்த்தாள்.

"என்னத்தா சொல்றான் எம்மவன்? எப்ப வாரானாம்?"

"இப்ப இல்லையாம் அத்தை" என்றாள் பிரகதீஸ்வரி. கெட்டிக்காரி என்று அவன் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.